லேப் கணினிகளின் இயங்குதளத்தை மாற்றுங்கள்: கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும், கணினிப் பயன்பாட்டியல் துறைத்தலைவர் அவர்களுக்கும், ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும்,

சென்ற வாரம் மூன்றாமாண்டு மாணவர்களுக்கு நீங்கள் அனுப்பிய சர்க்குலரை முன்வைத்து இதை எழுதுகிறேன். ஆய்வகக் கணினிகளின் இயங்குதளத்திலோ மென்பொருள்களிலோ எந்த மாற்றமும் செய்யக் கூடாது, மொபைல் ஆப் பாடத்துக்குப் புதிய மென்பொருள் தேவைப்படுகிறவர்கள் சொந்த லேப்டாப் கொண்டு வந்துகொள்ளலாம் என்று அதில் இருந்தது. துறையில் சிலரிடம் நேரில் பேசிப் பார்த்தேன். "மேலேயே முடிவு பண்ணிட்டாங்க, நாங்க என்ன செய்ய?" என்பதைத் தாண்டி எதுவும் நகரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் இதே துறையில் படித்தவன். ஆப் எழுதுவதுதான் இப்போது தொழில். நீங்கள் கேட்டுக்கொண்டதால் சனிக்கிழமைகளில் வந்து மூன்றாமாண்டுக்கு ரியாக்ட் நேட்டிவ், அதாவது ஜாவாஸ்கிரிப்ட்டில் மொபைல் ஆப் கட்டும் முறையை, சொல்லிக்கொடுக்கிறேன். வெளியே நின்றுகொண்டு குறை சொல்லவில்லை. அந்த லேபில், அந்தக் கணினிகளுக்கு முன்னால், மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

சர்க்குலருக்குக் காரணமான சம்பவத்தை முதலில் பேசிவிடுவோம். ஒரு மாணவர் லேபில் ஒரு கணினியைக் கெடுத்துவிட்டார், அதனால் எல்லோருக்கும் பூட்டு. ஏன் அப்படிச் செய்தார் என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா? ப்ராஜெக்ட் தொடங்க அவருக்கு நோட் ஜேஎஸ் 18, அதாவது ஜாவாஸ்கிரிப்ட்டைக் கணினியில் நேரடியாக ஓட்டும் மென்பொருள், வேண்டும். இறக்கி, டெர்மினலில் அதன் பெயரை அடித்தார். வந்தது ஒரே வரி: 'ஜிலிப்சி 2.28' பதிப்பு இங்கே இல்லை, நோட் ஜேஎஸ்ஸுக்கு அது தேவை. இணையத்தில் தேடினால் யாரோ ஒரு புண்ணியவான், புதிய ஜிலிப்சியை இறக்கிப் பழையதன் மேலேயே போட்டுவிடச் சொல்லியிருந்தார். போட்டார். அடுத்த நொடியிலிருந்து ஃபைல்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்' ஓடவில்லை, பிரதி எடுக்கும் 'சிபி' ஓடவில்லை, போட்டதைத் திருப்பி எடுக்க நிர்வாகி அனுமதி தரும் 'சுடோ'வும் ஓடவில்லை. ரீஸ்டார்ட் செய்தபோது திரை கறுப்பாகவே நின்றது.

லினக்ஸில் நாம் அடிக்கும் ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளும், ஓடும் பெரும்பாலான புரோகிராம்களும் ஜிலிப்சி என்ற அந்த ஒரு லைப்ரரியின் மேல்தான் நிற்கின்றன. ஃபைலைத் திறப்பது, மெமரி கேட்பது, திரையில் ஒரு வரி எழுதுவது எல்லாம் அதன் வழியாகத்தான். அதை மட்டும் உருவி மாற்றுவது, வீட்டில் ஆள் இருக்கும்போதே அஸ்திவாரத்தைத் தோண்டி எடுப்பது மாதிரி. அந்த மாணவர் செய்தது தவறுதான், அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அவர் விளையாட்டுக்காக அதைச் செய்யவில்லை. பாடத்திட்டத்தில் இருப்பதைச் செய்ய முயன்றார், நாம் கொடுத்த கணினி இடம் தரவில்லை. கெட்டது ஒரு கணினி. லைவ் யூஎஸ்பி ஒன்றைப் போட்டுப் பழைய லைப்ரரியைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும் வேலை அது. அதற்குப் பதிலாக லேப் முழுவதற்கும் தடை வந்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லேபில் இருப்பது லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 16.04. அது வெளியானது ஏப்ரல் 2016-இல். அதற்கான வழக்கமான பராமரிப்பு ஏப்ரல் 2021-இலேயே முடிந்துவிட்டது. உபுண்டு புரோ என்ற நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்திருந்தால் பாதுகாப்பு ஒட்டுகளாவது அதன் பிறகும் சில ஆண்டுகள் வந்திருக்கும். நம் கணினிகளில் நான் பார்த்தவரை ஒன்றுகூடப் பதிவு செய்யப்படவில்லை. பதிவு செய்திருந்தாலும் இந்தப் பிரச்சினை தீர்ந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒட்டுகள் ஓட்டைகளைத்தான் அடைக்கும், ஜிலிப்சியின் பதிப்பை உயர்த்தாது. உபுண்டு 16.04 என்றால் ஜிலிப்சி 2.23, கடைசிவரை 2.23தான்.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்றால், ஜிலிப்சி ஒரு பக்கம்தான் அனுசரித்துப் போகும். பழைய ஜிலிப்சியை நம்பிக் கட்டிய புரோகிராம் புதியதில் ஓடும். புதியதை நம்பிக் கட்டியது பழையதில் ஓடாது. நோட் ஜேஎஸ் 18 ஏப்ரல் 2022-இல் வந்தபோது அதன் அதிகாரபூர்வ லினக்ஸ் பதிப்புக்குக் குறைந்தது 2.28 வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ரியாக்ட் நேட்டிவோ 2023 டிசம்பரில் வந்த 0.73-இலிருந்து நோட் ஜேஎஸ் 18-ஐக் கட்டாயமாக்கிவிட்டது. ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் தேவைப் பட்டியலில் ஜிலிப்சி 2.31 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது 2.23.

"அப்படியானால் பழைய டூல்களையே வைத்துச் சொல்லிக்கொடுங்களேன்" என்று துறையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதையும் செய்து பார்த்தேன். நோட் ஜேஎஸ் 16, ரியாக்ட் நேட்டிவ் 0.72, அதோடு வரும், ஆப்பைக் கட்டித் தரும் ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 7.4 என்று வைத்துக்கொண்டால் இந்த லேபிலேயே ஒரு ஆப் கட்ட முடியும். 'ஹலோ வேர்ல்டு' தாராளமாக வரும். நோட் ஜேஎஸ் 16-இன் ஆயுள் செப்டம்பர் 2023-இல் முடிந்துவிட்டது என்பதைக்கூட வகுப்புக்காக மன்னித்துவிடலாம். ஆனால் மாணவர்கள் ப்ராஜெக்ட் செய்வது எக்ஸ்டர்னலுக்கு ரெக்கார்டு நோட்டில் படம் ஒட்ட மட்டும் அல்ல. தாங்கள் கட்டியதைப் பிளே ஸ்டோரில் போட்டு, அந்த லிங்க்கை ரெஸ்யூமில் வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். 31 ஆகஸ்ட் 2025 முதல் அங்கே போடும் புதிய ஆப் ஒவ்வொன்றும் குறைந்தது ஏபிஐ 35-ஐ, அதாவது ஆண்ட்ராய்டு 15-ஐ, இலக்காக வைத்திருக்க வேண்டும். சரி என்று பழைய ப்ராஜெக்ட்டில் அந்த எண்ணை 35 ஆக்கிக் கட்டினால், ஆப்பின் படங்களையும் எழுத்துகளையும் சேர்த்துக் கட்டும் 'ஏஏபிடி2' என்ற கருவி, ஆண்ட்ராய்டு 35-க்கான ஜார் ஃபைலைப் படிக்கத் தெரியாமல் பாதியில் நின்றுவிடுகிறது. அது பழைய பிளகினோடு வந்த பழைய கருவி, புதிய ஃபைலின் அமைப்பு அதற்குப் புரியாது. பிளகினை 8-க்கு உயர்த்தினால் ஜாவா 17 வேண்டும் என்கிறது, அதற்கு ஏற்ற ரியாக்ட் நேட்டிவ் வேண்டும் என்கிறது, அது புதிய நோட் ஜேஎஸ் வேண்டும் என்கிறது. சுற்றிச் சுற்றி மறுபடி அந்த 2.28-இல் வந்து முட்டி நிற்கிறோம்.

குறுக்கு வழி இல்லாமல் இல்லை. நோட் ஜேஎஸ் திட்டத்தாரே பழைய ஜிலிப்சி 2.17-இல் ஓடும்படி அதிகாரபூர்வமற்ற பதிப்புகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதை ஹோம் ஃபோல்டரில் இறக்கி வைத்து சில வகுப்புகளை ஓட்டினேன், ஓடியது. ஆனால் நம் லேபில் எல்லா மாணவர்களுக்கும் 'ஸ்டூடன்ட்' என்ற ஒரே லாகின். காலையில் பிஎஸ்சி பிள்ளைகள் வருவார்கள், மதியம் இவர்கள், அடுத்த நாள் வேறு யாரோ. இடம் நிறைந்தது என்று யாராவது பெரிய ஃபோல்டராகப் பார்த்து அழித்துவிடுவார்கள். அடுத்த சனிக்கிழமை ஆண்ட்ராய்டு எஸ்டிகே, கிரேடில், நோட் மாட்யூல்கள் என்று ஜிபி கணக்கில் மறுபடி இறக்க வேண்டும், அதுவும் லேபின் இணையத்தை வடிகட்டும் ப்ராக்ஸி வழியாக. ஒரு வகுப்பு முழுக்க டவுன்லோடு பட்டை நகர்வதை வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து போயிருக்கிறோம்.

ஒரு கணினிக்குள் இன்னொரு லினக்ஸைத் தனியாக ஓட்ட உதவும் டாக்கர் போடலாமே, அதற்குள் புதிய உபுண்டுவை ஓட்டலாமே என்று இதைப் படிக்கும் நண்பர்கள் சொல்லக்கூடும். போடலாம். அதை நிறுவ ரூட், அதாவது நிர்வாகி, அனுமதி வேண்டும். மாணவர்களை டாக்கர் குழுவில் சேர்ப்பதும் ஏறக்குறைய ரூட்டைக் கையில் கொடுப்பதற்குச் சமம். சர்க்குலர் வந்த கையோடு சுடோவையும் பிடுங்கிவிட்டார்கள் என்பதால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

போனைக் கணினியில் செருகி ஆப்பை ஓட்டிப் பார்க்கவும் இதே கதைதான். நம் கணினிகளில் ரேம் 4 ஜிபி. கணினிக்குள்ளேயே ஓடும் போலிப் போனான எமுலேட்டரைத் திறந்தால் மவுஸே நகராது. அதனால் உண்மையான போன்தான் வழி. யூஎஸ்பியில் போட்டு, இணைந்த போன்களைக் காட்டும் 'ஏடிபி டிவைசஸ்' என்று அடித்தால் போனின் சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில் 'அனுமதி இல்லை' என்று வருகிறது. செருகும் கருவிகளுக்கு அனுமதி தரும் யூடெவ் விதி ஒன்றை, அமைப்புகள் இருக்கும் ஈடிசி ஃபோல்டருக்குள் வைத்தால் தீரும், சில வரி ஃபைல். அதற்கும் ரூட். போதாததற்கு, வளாகத்துக்குள் மாணவர்கள் போன் கொண்டு வரக் கூடாது என்ற விதி இருக்கிறது. மொபைல் ஆப் வகுப்புக்கு மொபைல் இல்லாமல் வர வேண்டும்! என் போன் ஒன்றை வைத்துக்கொண்டு வகுப்பு முழுக்கக் கைமாற்றுகிறோம்.

இவ்வளவுக்கும் கணினிகள் பழையவை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆறாம் தலைமுறை ஐ3, 500 ஜிபி டிஸ்க். உபுண்டு 24.04-ஐ, கொஞ்சம் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தோடு, தாராளமாகத் தாங்கும் வன்பொருள் இது. இதே தலைமுறைக் கணினி ஒன்றில்தான் வீட்டில் நான் அதைப் போட்டு வேலை பார்க்கிறேன். 4 ஜிபியில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஓடும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், அதற்குக் குறைந்தது 8 வேண்டும். ஆனால் சாதாரண எடிட்டர், கமாண்ட் லைன் கருவிகள், ஒரு போன் இருந்தால் 4 ஜிபியிலேயே ஆப் கட்ட முடியும். மெதுவாகத்தான் கட்டும், ஆனால் கட்டும். புதிய கணினி வாங்கப் பணம் இல்லை என்று மாணவர் மன்றக் கூட்டத்தில் சொன்னீர்களாம். அதை யாரும் கேட்கவே இல்லையே. கேட்பது காசே இல்லாமல் கிடைக்கும் ஒரு இயங்குதளத்தை.

சொந்த லேப்டாப் கொண்டு வரட்டும் என்ற அந்த வரிதான் என்னை இந்த மடலை எழுத உட்கார வைத்தது. வகுப்பில் யாரிடம் லேப்டாப் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று நீங்கள் கணக்கெடுத்தீர்களா தெரியவில்லை. நான் பார்க்கிறேன். வைத்திருக்கிறவர்கள் முதல் வரிசையில். ஒவ்வொருவர் பின்னாலும் மூன்று நான்கு பேர் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். நின்றுகொண்டு கோடிங் படிக்க முடியாது. கீபோர்டில் கை வைக்காதவர்களுக்கு எர்ரர் வந்தால் என்ன செய்வது என்பது கடைசிவரை தெரியாமலே போகிறது. ஒரு மாணவி தன் அக்காவுக்கு ஒரு காலத்தில் கிடைத்த அரசு லேப்டாப்பைக் கொண்டு வந்தார். 2 ஜிபி ரேம், பேட்டரி போய்ப் பல வருடம் ஆகிறது, சார்ஜர் வயரைக் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால்தான் உயிரோடு இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த தோழி வயரைப் பிடித்துக்கொள்ள இவர் டைப் செய்தார். கிரேடில் பாதிக் கட்டுமானத்தில் மெமரி போதாமல் செத்துப்போனது. "பரவாயில்லண்ணா, நான் நோட்ல எழுதிக்கிறேன்" என்றார். மூன்றாமாண்டு பிசிஏ மாணவி, லேபுக்குள், சும்மா இருக்கும் ஒரு ஐ3 கணினியின் முன்னால் உட்கார்ந்து, ஜாவாஸ்கிரிப்ட்டைப் பேனாவால் எழுதுகிறார். லேப் கட்டணம் எல்லோரிடமும் ஒரே அளவுதானே வாங்குகிறீர்கள்?

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்த 16.04 ஒரு நல்ல காரியம் செய்கிறது. பல்கலைக்கழகப் பிராக்டிகல் தேர்வு ஆண்டுதோறும் அதில்தான் சிக்கல் இல்லாமல் நடக்கிறது. சி, ஜாவா, டேட்டாபேஸ் எல்லாம் அதில் செட் ஆகியிருக்கின்றன. எக்ஸ்டர்னல் வந்து உட்கார்ந்திருக்கும்போது கணினி திறக்கவில்லை என்றால் பேச்சு வாங்குவது லேப் அசிஸ்டன்ட்தான், மாணவர் அல்ல. ஓடுகிற வண்டியை ஏன் தொட வேண்டும் என்று அவர் நினைப்பதில் தவறே இல்லை. பெரிய பெரிய அலுவலகங்களுக்கும் இதே தயக்கம் உண்டு. 2024 தொடக்கத்தில் விஎஸ் கோட் என்ற எடிட்டரின் 1.86 பதிப்பு, தொலைவில் இருக்கும் சர்வர்களிலும் ஜிலிப்சி 2.28 வேண்டும் என்று ஆக்கியபோது, சென்ட்ஓஎஸ் 7, உபுண்டு 18.04 சர்வர்களை வைத்திருந்தவர்கள் காலையில் வந்து பார்த்தால் இணைப்பே கிடைக்கவில்லை. எழுந்த கூச்சலில் உடனடித் திருத்தம் வந்தது, ஏறக்குறைய ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள். அதன் பிறகு கதவை மூடிவிட்டார்கள்.

கருவி செய்கிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. பழைய ஜிலிப்சியில் ஓடும்படி கட்டுவது முடியாத காரியம் அல்ல. பைத்தான் ஆட்கள் 'மேனிலினக்ஸ்2014' என்று ஒரு ஏற்பாடு வைத்து, 2.17 இருந்தால் போதும் என்கிற மாதிரி பேக்கேஜ்களைக் கட்டித் தந்தார்கள். மனம் வைத்தால் மற்றவர்களும் செய்யலாம். ஆனால் அவர்களுக்கு நான் தமிழில் மடல் எழுதி என்ன ஆகப்போகிறது? லேப் சாவி உங்களிடம் இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. மாற்றுகிறோம் என்று முடிவெடுத்தால் ஒரு படி மட்டும் ஏறி நிற்காதீர்கள். உபுண்டு 18.04-இல் இருப்பது 2.27, வேண்டியது 2.28. பாடுபட்டு லேப் முழுக்க மாற்றிவிட்டு, அதே எர்ரரை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். 20.04-இன் வழக்கமான பராமரிப்பும் 2025-இல் முடிந்துவிட்டது. போட்டால் 24.04 போடுங்கள், அதில் ஜிலிப்சி 2.39, பராமரிப்பு 2029 வரை இருக்கிறது.

என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

சர்க்குலரின் இரண்டாம் வரியை, அதாவது சொந்த லேப்டாப் என்பதை, முதலில் திரும்பப் பெறுங்கள். லேப்டாப் இல்லாததால் எந்த மாணவருக்கும் இன்டர்னல் மதிப்பெண் குறையாது என்று எழுத்தில் கொடுங்கள்.

16.04-ஐ அழிக்க வேண்டாம். அதை அப்படியே தேர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த கணினிகளில் டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கிறது. அந்தக் காலி இடத்தில் 100 ஜிபி ஒதுக்கி 24.04-ஐப் பக்கத்திலேயே நிறுவ அனுமதியுங்கள். கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும், தேர்வு நாளில் பழையதைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு கணினியில் எல்லாவற்றையும் சரியாக அமைத்து, ஜாவா, எஸ்டிகே, யூடெவ் விதி உட்படப் போட்டுச் சோதித்துவிட்டு, அந்தப் பகுதியைக் குளோனசில்லா கொண்டு மற்றவற்றுக்குப் பிரதி எடுக்கலாம். இந்த வேலையை லேப் அசிஸ்டன்ட் தலையில் கட்ட வேண்டாம். நானும் இன்னும் சில பழைய மாணவர்களும் வந்து, அவர் கண் முன்னால், கூலி வாங்காமல் செய்து தருகிறோம். பருவ விடுமுறையில் சாவி மட்டும் கொடுங்கள்.

மாணவர்களுக்கு ரூட் வேண்டாம், அதில் உங்களோடு நான் ஒத்துப்போகிறேன். ஆனால் மூன்றாமாண்டு மாணவர்களுக்குத் தனித்தனி லாகின் வேண்டும், அவர்களுடைய ஃபோல்டரை மற்றவர்கள் அழிக்க முடியாதபடி. ப்ராக்ஸியில், ஆப் கட்டத் தேவையான ஃபைல்கள் இறங்கும் கூகுளின் மேவன் கிடங்கு, மேவன் சென்ட்ரல், கிரேடில், என்பிஎம் ஆகிய தளங்களைத் திறந்துவிடுங்கள். ஒரு முறை இறக்கியதை லேபுக்குள்ளேயே சேமித்து வைக்க ஒரு பழைய கணினியை ஒதுக்கினால் உங்கள் இணையக் கட்டணமும் மிச்சமாகும்.

மொபைல் ஆப் பிராக்டிகல் நேரத்தில் மட்டும், லேபுக்குள் மட்டும், போன் கொண்டு வர அனுமதி வேண்டும். வாசலில் ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து போட்டுவிட்டு வரட்டும்.

அடுத்த நிதியாண்டு பட்ஜெட்டில் லேப் கட்டணத்திலிருந்து ரேமை 8 ஜிபி ஆக்க ஒரு தொகை வையுங்கள். எல்லாவற்றுக்கும் முடியாவிட்டால் முதலில் இரண்டு வரிசைக்கு.

கடைசியாக, கணினி கெட்டதற்காக அந்த மாணவரிடம் கேட்டிருக்கும் அபராதத்தை ரத்து செய்யுங்கள். அந்தக் கணினியை வரும் சனிக்கிழமை நானே சரிசெய்து தருகிறேன்.

ஆறாம் பருவத்து ப்ராஜெக்ட் தொடங்குவதற்கு முன் இவற்றுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் வேண்டும். 'முடியாது' என்றாலும் எது முடியாது, ஏன் முடியாது என்று மாணவர்களுக்குத் தெரியும்படி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
துறையின் பழைய மாணவன்